மகளுக்கு ஆட்டிசமாக இருக்குமோ? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 9 வயது. கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். எழுதச் சொன்னால் நாலு வார்த்தையில் நின்றுவிடுவாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறாள். சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டாமல் போடவே மாட்டாள். பள்ளியில் சமர்த்துப் பிள்ளை என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் அடக்க முடியாத அழுகை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளே, ஆட்டிசம் இல்லை" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதே! பெண் குழந்தைகள் பலர் மற்றவர்களைப் பார்த்து நடந்து, தங்கள் சிரமத்தை மறைத்துவிடுகிறார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) புலன் உணர்வுச் சிக்கல்களையும் ஆட்டிச அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதிகத் துறுதுறுப்பு) உள்ள குழந்தைகளுக்கும் இந்தச் சிக்கல்கள் இருக்கலாம், ஆட்டிசத்தோடு இவை சேர்ந்தும் வரலாம். அதனால்தான் குழப்பம்.

முழு மதிப்பீட்டுக்கு முதலில் யாரிடம் போனீர்கள்: குழந்தை வளர்ச்சி மருத்துவரிடமா, உளவியலாளரிடமா? முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஆக்குபேஷனல் தெரபியை (அன்றாட வேலைகளைச் சமாளிக்கப் பழக்கும் சிகிச்சை) தொடங்கலாமா? அப்புறம், இந்தப் பரிசோதனை எதற்கு என்று பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்? அவள் பயந்துவிடக் கூடாது.