புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பெலும்பு முறிவு, வழக்குப் போட்டாச்சு

கட்டண முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததையும், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று அவர்கள் சாதித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையம் புகாரை ஏற்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. இல்லத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. அதற்கு மேல் இழுக்க முடியாது. நாம் புகார் கொடுக்கக் கெடு 2 வருடம்.

கைகொடுத்தது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்தான். இரண்டு மேல்கையிலும் விரல் பதிந்த கன்றல் என்று டியூட்டி டாக்டர் எழுதியிருக்கிறார். வழுக்கி விழுந்தால் அங்கேயா கன்றும்?

டெபாசிட்டைத் தருகிறோம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போடுங்கள் என மேனேஜர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். சிசிடிவி பதிவு கேட்டு மனு போட்டிருக்கிறோம்.