கார் சப்வூஃபர் ஹோம் தியேட்டரில்: வெடிச் சத்தம் வந்தால் ஆம்ப் அணைகிறது, கீழ் பாஸும் இல்லை

பாஸ்பித்தன்:
வணக்கம். காரை மாற்றியபோது பழையதில் இருந்த சப்வூஃபர், பெட்டி, மோனோ ஆம்ப் மூன்றையும் கழற்றி வைத்திருந்தேன். சும்மா தூசி படிவானேன் என்று இப்போது ஹாலில் ஹோம் தியேட்டரோடு சேர்த்திருக்கிறேன். விவரம்:

சப் 12 இஞ்ச், இரட்டை வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் பேரலலாகப் போட்டு 2 ஓம். ஆம்ப் கிளாஸ் டி (கரண்டை அதிகம் வீணாக்காத வகை), 2 ஓமில் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்). மூடிய பெட்டி, சுமார் 28 லிட்டர். கரண்டுக்குப் பழைய கம்ப்யூட்டரின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). பச்சை ஒயரைக் கருப்போடு சேர்த்து ஆன் செய்கிறேன், ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் முனைக்கும் அதே 12 வோல்ட். சிக்னல் ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து.

பிரச்சினை இரண்டு. பாட்டு, வசனம் எல்லாம் நன்றாக ஓடுகிறது. படத்தில் பெரிய வெடி வந்தால் எஸ்எம்பிஎஸ் பட்டென்று அணைந்துவிடுகிறது, சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் திரும்ப வருகிறது. அடுத்து, காரில் இருக்கையையே உலுக்கிய சப் இங்கே "டம் டம்" என்று மேலோட்டமாகத்தான் அடிக்கிறது. சப் போய்விட்டதா?

ஈயக்கம்பி:
எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் +12V என்ற வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? 450 என்பது எல்லா வோல்டேஜும் சேர்ந்த கணக்கு. உங்களுக்கு உதவுவது அந்த ஒரு வரிசைதான். மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக அளந்து போடுங்கள்.

பாஸ்பித்தன்:
+12V 17A என்று இருக்கிறது. காயில் ஒன்று 3.4, இன்னொன்று 3.5 ஓம் காட்டுகிறது. 4 காட்ட வேண்டாமா?

ஈயக்கம்பி:
காயில் இரண்டும் நலம். மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸ், அது பெயரளவு ஓமைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கோனை உள்ளங்கையால் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசல் சத்தம் இல்லையென்றால் சப்பில் கோளாறு இல்லை.

கோளாறு கரண்டில். 17 ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் 204 வாட். ஆம்பின் 300 வாட் பெரும்பாலும் 14.4 வோல்ட்டில் அளந்த எண்; 12 வோல்ட்டில் அது 200 வாட் பக்கம் இறங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதம் திறனோடு வேலை செய்தால்கூட உள்ளே 250 வாட் போக வேண்டும், அதாவது 21 ஆம்பியர். உங்களிடம் 17தான் இருக்கிறது. பாட்டில் சராசரி இழுப்பு குறைவு என்பதால் ஒப்பேறுகிறது. வெடிச் சத்தம் முழுசாக இழுக்கும், ஓவர்கரண்ட் பாதுகாப்பு வெட்டிவிடும். எஸ்எம்பிஎஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

நள்ளிரவுகேட்பவன்:
ப்ரோ, ஒரு கார் பேட்டரியும் சார்ஜரும் வாங்கி வையுங்கள். எத்தனை ஆம்பியர் வேண்டுமானாலும் கொடுக்கும்.

ஈயக்கம்பி:
கொடுக்கும், ஆனால் ஹாலில் வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துவிடும். குழந்தை இருக்கும் வீடென்றால் நினைத்தே பார்க்காதீர்கள்.

பழையஆம்ப்:
எல்லாரும் 12 வோல்ட்டை எப்படிக் கொடுப்பது என்றே பேசுகிறீர்கள். வீட்டில் மெயின்ஸ் கரண்ட் இருக்கும்போது அதை 12 ஆக்கி, கார் ஆம்ப் அதையே உள்ளுக்குள் மறுபடி ஏற்றி... எதற்கு இந்தச் சுற்று? காரிலிருந்து சப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆம்பை விட்டுவிடுங்கள்.

சப்வூஃபருக்கென்றே மெயின்ஸில் ஓடும் பிளேட் ஆம்ப் (பெட்டியிலேயே பொருத்தும் ஆம்ப்) கிடைக்கும். ஃபில்டர், ஃபேஸ் சுவிட்ச், தானாக ஆன் ஆகும் வசதி எல்லாம் அதிலேயே இருக்கும். பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே போனால் தாங்காது. உங்கள் இரட்டைக் காயிலில் சீரிஸ் போட்டால் 8, பேரலல் போட்டால் 2. நடுவில் 4 வராது. அதனால் சீரிஸ்தான் வழி. 8 ஓமில் அந்த ஆம்ப் எத்தனை வாட் தரும் என்று பார்த்து வாங்குங்கள்.

பரணில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஏதாவது கிடக்கிறதா? பின்பக்கம் 4 ஓம் போடலாம் என்று எழுதியிருந்தால் சேனலுக்கு ஒரு காயில் கொடுங்கள். சப் அவுட்டை ஒரு ஒய் கேபிளால் இரண்டு சேனலுக்கும் பிரியுங்கள். பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். இரண்டு காயிலும் ஒரே பக்கம் தள்ள வேண்டும், 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை காயிலின் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வரும், இரண்டிலும் அப்படியே வருகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். எதிரெதிராகப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சத்தமே வராது. ஒரு காயிலை மட்டும் ஓட்டிவிட்டு இன்னொன்றைச் சும்மா விடாதீர்கள். தாங்கும் வாட் பாதியாகிவிடும், பெட்டிக் கணக்கும் மாறிவிடும்.

மதில்மேல்பூனை:
நேரடியாக ரிசீவரின் ஸ்பீக்கர் முனையிலேயே கொடுத்தால் என்ன?

பழையஆம்ப்:
2 ஓமை அதில் கொடுத்தால் ரிசீவர் சூடாகி அணையும், இல்லை புகையும். 8 ஓமாக மாற்றிக் கொடுத்தாலும் எல்எஃப்இ சேனல் (படத்தில் கீழ் பாஸுக்கென்றே இருக்கும் தனி ஒலித்தடம்) வழக்கமாக ஸ்பீக்கர் முனைக்கு வராது, சப் அவுட்டில்தான் வரும்.

அலைநீளம்:
இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கார் கேபின் சின்ன, மூடிய இடம். 60 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே போகப் போக, கேபினே ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) ஏறக்குறைய 12 டெசிபல் வரை ஏற்றிக் கொடுக்கும். மூடிய பெட்டியில் இருக்கும் சப் அதே வேகத்தில்தான் கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்து சமமாகிவிடுவதால் 28 லிட்டர் பெட்டி காரில் உறுமியது. ஹாலில் அந்தத் தூக்கல் இல்லை, சப்பின் உண்மையான சரிவு அப்படியே காதில் விழுகிறது. ஆம்பை எத்தனை வாட்டுக்கு மாற்றினாலும் இந்தச் சரிவு இருக்கும்.

சப்பின் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் (பெட்டிக் கணக்குக்கு வேண்டிய சப்பின் அளவுகள்) மூன்றையும் தேடிப் பிடித்து வின்ஐஎஸ்டி என்ற பெட்டி வடிவமைப்பு மென்பொருளில் போடுங்கள். 28-க்குப் பதில் 60 லிட்டர் என்று கொடுத்துப் பார்த்தால் வளைவு எங்கே மாறுகிறது என்று தெரியும். புதுப் பெட்டி செய்ய மனம் வரவில்லையென்றால் உள்ளே பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள், பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். அப்புறம் சப்பை மூலைக்குத் தள்ளுங்கள். சுவர்கள் தரும் உதவி இலவசம்.

ரிசீவரில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வையுங்கள், கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ். ஆம்பில் இருக்கும் லோ பாஸ் ஃபில்டரை (மேல் ஒலியை வெட்டுவது) முழுக்கத் திறந்துவிடுங்கள், இரண்டு ஃபில்டர் ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம். பாஸ் பூஸ்ட் குமிழ் பூஜ்யத்தில். நீங்கள் சொல்லும் "டம் டம்" பாதி அந்தக் குமிழின் வேலையாக இருக்கும். அது பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தூக்கும்.

பாஸ்பித்தன்:
பூஸ்ட் முழுசாக வைத்திருந்தேன், சரியாகச் சொன்னீர்கள் சார். வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப் இருந்தது, 4 ஓம் சரி என்று போட்டிருக்கிறது. சேனலுக்கு ஒரு காயில் கொடுத்து, சப்பை மூலையில் வைத்தாயிற்று. அணைவது நின்றுவிட்டது. கீழ் பாஸும் முன்னைவிட நன்றாக வருகிறது. ஆனால் இப்போது ஒரு மெல்லிய "ம்ம்ம்" இரைச்சல், படம் ஓடாதபோதும். ரிசீவரிலிருந்து ஆம்புக்கு வரும் ஆர்சிஏ சிக்னல் கேபிளைப் பிடுங்கினால் போய்விடுகிறது.

ஈயக்கம்பி:
கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்ட் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைவதால் வரும் இரைச்சல். ரிசீவர், ஆம்ப் இரண்டையும் ஒரே பிளக் பலகையில் போடுங்கள். போகவில்லையென்றால் ரிசீவரோடு இணைந்திருக்கும் செட்டாப் பாக்ஸின் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் இரைச்சல் வரும் வழி அதுதான். ஆர்சிஏ வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்து வைப்பது) போடலாம், ஆனால் கீழ் பாஸைத் தின்னாத தரமானதாக இருக்க வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், யார் சொன்னாலும்.

பாஸ்பித்தன்:
கோஆக்ஸ்தான் காரணம், கழற்றியதும் அமைதி. அதற்குத் தனி ஐசொலேட்டர் போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: ரிசீவரில் சப்புக்கு ஈக்யூ (ஈக்வலைசர்) இருக்கிறது. 25 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் ஏற்றலாமா?

அலைநீளம்:
3 ஏற்றினாலே ஆம்ப் அங்கே இரண்டு மடங்கு வாட் தர வேண்டும், 9 என்றால் எட்டு மடங்கு. அந்தப் பழைய ஆம்பிடம் அவ்வளவு இருக்காது. 3-இல் தொடங்குங்கள். சத்தமான காட்சியில் கோன் "டக்" என்று தட்டும் ஒலி கேட்டால் உடனே குறையுங்கள்.