வீட்டுக் கராஜில கொம்பிரசர்: டாங்கிக்கு அடியில பாத்தீங்களா?

கல்லடியில இருந்து:

இதை வாசிக்கிற ஆராவது வீட்டுக் கராஜில காத்தடிக்கிற கொம்பிரசர் வச்சிருந்தா, முதல்ல போய்க் காத்தை முழுக்க இறக்கிப்போட்டு, டாங்கிக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பாத்திட்டு வாங்க. மிச்சத்தை மறுகா வாசிக்கலாம்.

நான் 3 வருசத்துக்கு முந்தி 100 லீற்றர் டாங்கியோட, பெல்ட்டில ஓடுற 2 குதிரைவலு கொம்பிரசர் ஒண்டைப் பாவிச்சதா வாங்கினன். புதுசா அடிச்ச பெயின்ட் மினுங்கிச்சு, அதைப் பாத்துத்தான் விழுந்தன். கொட்டிலுக்க ஒரு மூலையில, சுவரோட ஒட்டித் தூக்கி வச்சாச்சு. காத்தை நசுக்கேக்க அடியில சேர்ற தண்ணியைத் திறந்து விடுற ட்ரெயின் கொக் டாங்கிக்கு நேர் அடியில, நிலத்தில இருந்து 3 விரல் உயரத்தில. படுத்துக் கை விட்டாலும் திருகேலாது. ஒருநாள் பாப்பம் எண்டு விட்டதுதான், ரெண்டு மாரி போயிட்டுது.

போன மாரியில ஒரு பின்னேரம், ஓட்டோ டயருக்குக் காத்தடிச்சுப்போட்டு மோட்டரை நிப்பாட்டினன். மழையும் ஒள்ளுப்பம் விட்டிருந்திச்சு. அந்த அமைதியில "ஸ்ஸ்ஸ்" எண்டு ஒரு சத்தம். ஹோஸ் எண்டு நினைச்சுச் சோப்புத்தண்ணி தடவினன், அங்க இல்ல. டோர்ச்சோட படுத்துப் பாத்தா, ட்ரெயின் கொக்கில இருந்து ஒரு சாண் தள்ளி, பெயின்ட் கொப்பளிச்ச இடத்தில ஊசி முனையளவு ஓட்டை. மண்ணிறத் தண்ணி அதுக்குள்ளால தூவிக்கொண்டிருக்கு. கேஜில அழுத்தம் 110 பிஎஸ்ஐ, ஏழரை பார் சொச்சம். என்ட முகம் அதுக்கு ஒண்டரை அடி தூரத்தில.

பிளக்கைக் கழட்டி, ஹோஸ் வழியா முழுக்கக் காத்தையும் இறக்கினன். விடிஞ்சதும் வெல்டிங் கடை வச்சிருக்கிற மாமா ஒருவரிட்டக் கொண்டு போனன். அவர் ஒண்டும் பேசாம ஸ்க்ரூ ட்ரைவர் ஒண்டை எடுத்து ஓட்டைக்குப் பக்கத்தில குத்தினார். பப்பாசிப்பழத்துக்குள்ள போற மாதிரி உள்ள போயிட்டுது.

"மாமா, ஒரு ஒட்டுப் போட்டுத் தாங்களன்" எண்டன்.

"எதில தம்பி ஒட்டுற? சுத்திவரக் கடதாசிதான் இருக்கு. இதை நான் ஒட்டித் தந்தா, நாளைக்கு உன்ட அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

கிரைண்டரால வெட்டித் திறந்தும் காட்டினார். மேல்பக்க இரும்பு நல்ல தடிப்பு. அடிப்பக்கம், தண்ணி நிண்ட கோடு வரைக்கும், மீன்பேணித் தகரம் போல. உள்ளுக்க ரெண்டு பிடி துரு, செதில் செதிலா.

அதுக்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பாத்தன். 100 லீற்றர் டாங்கியில 8 பார் காத்து நிண்டா, அதுக்குள்ள அடங்கியிருக்கிற சக்தி, ஒரு தொன் எடைக் கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில வாறதுக்கு ஏறக்குறையச் சமன். அதைத்தான் மீன்பேணித் தகரம் பிடிச்சுக்கொண்டிருந்திருக்கு.

தண்ணிக் கணக்கும் சொல்றன். 30 பாகை வெப்பத்தில ஒரு கன மீற்றர் காத்து ஆகக்கூட 30 கிராம் நீராவியைத் தாங்கும். எங்கட மட்டக்களப்புக் கரையில ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஈரப்பதன் 80 வீதம் எண்டு வச்சாலும் 24 கிராம். அதை 8 பாருக்கு நசுக்கினா (வெளிக்காத்தின்ட 1 பாரையும் சேத்து 9) கன அளவு ஒன்பதில ஒண்டாப் போகும், ஆறின பிறகு 3 கிராம் சொச்சம்தான் ஆவியா நிக்கும். மிச்சம் 20 கிராம் தண்ணியா அடியில விழுது. நிமிசத்துக்கு 200 லீற்றர் காத்து இழுக்கிற மெசின் ஒரு மணித்தியாலம் விடாம ஓடினா கால் லீற்றர் தண்ணி. நான் ரெண்டு மாரி திறக்கவே இல்ல.

இப்ப புதுசு ஒண்டு, 50 லீற்றர். இந்தமுறை எல்லாத்தையும் அந்தக் கொக்கை வச்சுத்தான் முடிவெடுத்தன். கொங்கிரீட் கல்லுக்கு மேல ரப்பர் மட்டை போட்டு, அடியில வாளி நுழையிற உயரத்துக்கு ஏத்தி வச்சன். கொக்கைக் கழட்டி, ஒரு எல்போவும் (வளைவுத் துண்டு) சின்ன இரும்புப் பைப்பும் பூட்டி, போல் வால்வை முன்பக்கம் கொண்டு வந்தாச்சு. ரெண்டு விரலால திறக்கலாம். வேலை முடிஞ்சு கை கழுவுறதுக்கு முந்தி அதைத் திறந்து, தண்ணி எல்லாம் போய் வெறும் காத்து வாற வரைக்கும் விடுவன். சுவருக்கும் மெசினுக்கும் ஒண்டரை அடி இடைவெளி, இல்லாட்டி காத்தை நசுக்கிற ஹெட் சூடேறும். பெரிய சில்லு கிறுகிற திசை அம்புக்குறிக்குச் சரியா இருக்கோணும், அந்தச் சில்லுதான் ஹெட்டுக்கு விசிறி. பெல்ட் மூடியைக் கழட்டி வைக்காதீங்க, சாரத்தோட வேலை செய்யிற ஆக்கள் நாங்க.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

சம்மாந்துறையில இருந்து:

வாப்பாட தளபாடப் பட்டறை வீட்டுக்குப் பின்னுக்கு. கொம்பிரசர்ர சத்தம் கூட எண்டு அதை வெளியில ஒரு கூட்டுக்குள்ள வச்சு, ஸ்ப்ரே அடிக்கிற இடத்துக்கு லைன் இழுத்தம். மலிவு எண்டு தண்ணிக்குப் போடுற பிவிசி பைப். பசை போட்டு ஒட்டினா வேலை முடிஞ்சுது, ஒரு வருசம் ஒரு பிரச்சினையும் இல்ல.

ஒருநாள் அஸருக்கு எல்லாரும் பள்ளிக்குப் போயிருந்த நேரம் எல்போ ஒண்டு வெடிச்சுது. அல்ஹம்துலில்லாஹ், பட்டறையில ஆளில்ல. வந்து பாத்தா, எதிர்ப் பக்கம் சாத்தி வச்சிருந்த பிளைவூட்டில கண்ணாடித் துண்டு மாதிரி பிவிசிச் சில்லு மூணு குத்திக்கொண்டு நிக்குது. ஒண்டை நான் குறட்டால இழுத்துத்தான் எடுத்தன். தண்ணி லைன் வெடிச்சா தண்ணி பீறும், அவ்வளவுதான். காத்து நசுங்கி நிக்கிறதால பைப்பையே துண்டு துண்டா எறியும். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அந்தப் பைப் நாளாக நாளாக மொறுமொறுத்துப் போகும்.

இப்ப ஜிஐ பைப், நாகம் பூசின இரும்பு. ஒரு பக்கம் ஒள்ளுப்பம் சரிச்சுப் போட்டிருக்கு, பதிவான கடைசியில ஒரு வால்வு. ஸ்ப்ரேக்கு எடுக்கிற லைனைப் பைப்புக்கு மேல் பக்கத்தில இருந்து எடுத்து வளைச்சு இறக்கினம், அப்பதான் தண்ணி ஸ்ப்ரே கன்னுக்கு வராது. முந்தி பொலிஷில வெள்ளைப் புள்ளி விழுந்ததுக்கு வாப்பா மரத்தைத்தான் ஏசிக்கொண்டிருந்தார். கல்லடி அண்ணன்ட கணக்கை அவருக்கு வாசிச்சுக் காட்டினன்.

களுவாஞ்சிக்குடியில இருந்து:

நான் வயரிங் வேலை செய்யிறனான். போன வருசம் மட்டும் கொம்பிரசர் மோட்டர் எரிஞ்சு 3 வீட்டுக்குப் போனன், மூணிலயும் ஒரே கதை. வீட்டு ஹோலுக்க இருந்து எக்ஸ்டென்ஷன் வயர். 2 குதிரைவலு எண்டா 1.5 கிலோவாட். ஓடேக்க 10 அம்பியர் போல எடுக்கும், கிளம்பேக்க அதைப்போல 5, 6 மடங்கு. மெல்லிய வயர் அதைத் தாங்காது, வோல்ட் இறங்கும். மோட்டர் சுத்தாம "ம்ம்ம்" எண்டு உறுமும், வயர் எரியிற வாசம் வரும், முடிஞ்சுது. உறுமினா உடனே நிப்பாட்டுங்க. தட்டி விட்டுச் சுத்தவைக்கிற பழக்கம் விரலைக் கொண்டு போகும்.

மெயின் போர்ட்டில இருந்து தனி லைன், 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி 7 இழை), அதுக்கெண்டு தனி பிரேக்கர். கரண்ட் கசிஞ்சா அறுத்து விடுற ட்ரிப் சுவிட்சை மாசம் ஒருக்கா டெஸ்ட் பொத்தான் அமத்திப் பாருங்க.

எர்த்தைப் பத்தியும் சொல்லியாகோணும், ஏனெண்டா எங்கட கரையோரம் முழுக்க மணல். கோடையில மேல்மணல் காஞ்சு போனா, அதில நட்ட எர்த் ரொட் நட்டும் நடாத மாதிரிதான். ஈரம் தட்டுற ஆழம் வரைக்கும் இறக்கி, மீற்றர் வச்சு அளந்து பாக்கோணும். கொட்டில் தகரச் சுவர், இரும்புக் கால், ஈரத் தரை. கரண்ட் கசிஞ்சா ஆரும் தப்பேலாது.

இன்னொண்டு. மோட்டர் தானா நிக்கேக்க "புஸ்" எண்டு ஒரு சின்னச் சத்தம் வரோணும். ஹெட்டில இருக்கிற காத்து இறங்கிற சத்தம் அது. அது வராட்டி அடுத்தமுறை மோட்டர் பாரத்தோட கிளம்பி எரியும். நிண்ட பிறகும் விடாம ஊதிக்கொண்டிருந்தா, டாங்கி வாயில காத்தைத் திரும்ப விடாம மறிக்கிற செக் வால்வு பிடிக்கல்ல எண்டு அர்த்தம்.

திருக்கோவிலில இருந்து:

எங்கட வீட்டுக்காரர் வாசல்லதான் மோட்டர்சைக்கிள் திருத்துறவர். நான் தாதியா வேலை செய்யிறன். நீங்க எல்லாரும் மெசினைப் பத்தி எழுதுறீங்க, நான் அந்தக் காத்தடிக்கிற கன்னைப் பத்தி எழுதுறன்.

ஒரு நாள் வார்டுக்கு ஒரு பொடியன் வந்தவன், கையில சின்ன வெட்டு. வேலை முடிஞ்சு உடம்புத் தூசியைக் காத்தடிச்சுத் தட்டியிருக்கான். வெட்டு வழியாக் காத்துத் தோலுக்கு அடியில போயிட்டுது. புறங்கை முழுக்க ஊதி, அழுத்தினா விரலுக்கடியில கறகற எண்டு உடையிற மாதிரி. அந்தச் சத்தம் இன்னும் என்ட விரலில இருக்கு. காத்து ரத்தக் குழாய்க்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. காதுக்கிட்ட அடிச்சாச் சவ்வு கிழியும், கண்ணுக்கு அடிச்சாச் சொல்லத் தேவையில்ல.

அண்டைக்கு வீட்டுக்கு வந்து பாக்கன், எங்கட 11 வயசு மகன் அதே கன்னைத் தம்பிட வயித்துக்கு அடிச்சுச் சிரிக்கிறான். கையெல்லாம் நடுங்கிச்சு எனக்கு. அண்டைக்கே கன்னைக் கழட்டிப் பூட்டி வைக்கச் சொன்னன். தூசிக்கு இப்ப தும்பும் துணியும்தான். அமெரிக்காவில சுத்தம் செய்யிற காத்து 30 பிஎஸ்ஐக்குக் கீழ இருக்கோணும் எண்டு சட்டமே இருக்கு. எங்கட கன்னில 100க்கு மேல வருது.

கிரானில இருந்து:

அண்ணன், நானும் பாவிச்சதுதான் வாங்கினன். டாங்கிக்கு மேல பித்தளையில ஒரு வால்வு இருந்திச்சு, வளையம் போட்டது. அதால காத்துக் கசியுது எண்டு, வித்தவரே அதைக் கழட்டிப்போட்டு ஒரு போல்ட்டைப் பூட்டித் தந்தவர். அது பிரச்சினையா?

கல்லடியில இருந்து:

தம்பி, இதை வாசிச்ச உடனே பிளக்கைக் கழட்டுங்க. அதுதான் சேப்டி வால்வு. 8 பாரில மோட்டரை நிப்பாட்டுற சுவிட்ச் ஒட்டிக்கொண்டா, காத்துத் தப்பி ஓட இருக்கிற ஒரே வாசல் அது. இப்ப அதைக் கட்டிப் பூசி வச்சிருக்கீங்க. டாங்கியில எழுதியிருக்கிற அழுத்தத்துக்குள்ள திறக்கிற வால்வாப் பாத்துப் புதுசு வாங்கிப் பூட்டுங்க, விலை பெரிசில்ல.

வால்வு மட்டும் போட்டு ஓட்டவும் வேணாம். டாங்கியைத் தண்ணியில டெஸ்ட் பண்ணோணும். காத்துக் குமிழி ஒண்டும் இல்லாம நிறையத் தண்ணி விட்டு, கைப்பம்பால வேலை அழுத்தத்தைப் போல ஒண்டரை மடங்கு, 8 பாருக்கு 12 பார் ஏத்தி, அரை மணித்தியாலம் வச்சுப் பாக்கிறது. தண்ணி நசுங்காது, அதால டாங்கி விட்டாலும் வெடிச்சுச் சிதறாது, ஒழுகும். காத்தால மட்டும் டெஸ்ட் பண்ண விடாதீங்க. பழக்கமான ஆளோட செய்யோணும். எங்கட வெல்டிங் மாமாட்ட பம்ப் இருக்கு.

கிரானில இருந்து:

காத்தை இறக்கிப்போட்டு ட்ரெயின் கொக்கைத் திறந்தன் அண்ணன். முதல்ல ஒண்டும் வரல்ல. கம்பியால குத்தினன், துருக்கட்டி விழுந்துது, மறுகாதான் தண்ணி வந்திச்சு. ஒண்டரை லீற்றர் போத்தில்ல பிடிச்சன், ரெண்டு போத்தில் நிறைஞ்சுது. சாயம் கூடின பிளேன்டீ போல இருக்கு. இது 50 லீற்றர் டாங்கிதான்.

வயரைச் சுத்தி மேல கட்டிப்போட்டன். சனிக்கிழமை ஏத்திக்கொண்டு வாறன், மாமா எத்தினை மணிக்குக் கடை திறப்பார்?

கல்லடியில இருந்து:

8 மணிக்கு. வால்வு எல்லாத்தையும் திறந்தபடியே ஏத்துங்க.