ஜூம் செய்தால் கோடு படிக்கட்டாகிறது, டூல்டிப்பில் நேரம் மட்டும் சரியாக வருகிறது

கேள்வி

வணக்கம். மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதிய சின்ன நிரல். சூளை ஒன்றின் வெப்பநிலையை நொடிக்கு ஒருமுறை வாங்கிக் கோடாக வரையும். ஒரு வாரத்துக்கு 6,04,800 புள்ளிகள். காசு கொடுத்து வாங்கிய சார்ட் காம்பொனென்ட்தான், பெயர் வேண்டாம். பழைய பதிப்பு இத்தனை புள்ளிகளுக்குத் திணறும். கிராபிக்ஸ் கார்டை வைத்து வரையும் வசதி வந்திருக்கிறது என்று புதிய பதிப்புக்கு மாறினேன். வேகம் பிரமாதம். வந்த வினை வேறு.

வாரம் முழுவதையும் திரையில் வைத்தால் கோடு வழவழவென்று இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஜூம் செய்தால் படிக்கட்டு! நேராக மேலே ஏறுகிறது, கிடையாகப் போகிறது, மறுபடி ஏறுகிறது. பத்துப் பதினொரு படிகள் வரும்.

மவுஸை வைத்தால் வரும் சின்னக் குறிப்புப் பெட்டி, அதாவது டூல்டிப் மட்டும் ஒழுங்காகப் பேசுகிறது. ஒரு படியின் அடியில் 10:21:34, உச்சியில் 10:27:11. இடையில் உள்ள அத்தனை புள்ளிகளும் ஒன்றன் தலையில் ஒன்று. எண்ணிப் பார்த்தேன், 338. அடுத்த படியில் 337. அதற்கடுத்து மறுபடி 338. சிஎஸ்வி கோப்பில் ஒரு நொடிகூட விடுபடவில்லை. தேதியை நாள் எண்ணாக மாற்றும் டூஓஏடேட் வழியாக, டபுளாக்கித்தான் (64 பிட் தசம எண்) கொடுக்கிறேன்.

பதில் 1

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். கோட்டின் ஓரத்தை வழவழப்பாக்கும் ஆன்டி அலியாசிங்கையும் அணைத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை கோடு இரட்டையாகத் தெரிந்தது, டிரைவர் மாற்றியதும் சரியாயிற்று.

பதில் 2

டிரைவர் பக்கமே போகாதீர்கள். பொறுமையாக எண்ணினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. 338, 337 என்று மாறி மாறி வந்தால் ஒரு படிக்கு 337.5 நொடி. நாளுக்கு 86,400 நொடி. வகுத்துப் பாருங்கள்: 256. இரண்டின் எட்டாம் அடுக்கு, பிசிறே இல்லை. உள்ளே எங்கோ டபுளை, அதில் பாதி அளவே உள்ள 32 பிட் ஃபுளோட்டில் திணித்திருக்கிறார்கள்.

ஓஏ தேதி, அதாவது டூஓஏடேட் தரும் எண், 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்ஜியமாக வைத்து நாட்களை எண்ணுகிறது. (டெல்ஃபி நிரல்மொழியின் தேதி வகையான டிடேட்டைமும் அப்படித்தான். நான் அங்கே வேலை கற்றவன், இந்த நாள் எனக்கு மனப்பாடம்.) 2024 ஜனவரி 1 என்றால் 45,292. ஃபுளோட்டில் துல்லியத்துக்கு இருப்பதே 24 பிட். நாள் எண்ணிக்கையே 16 பிட்டைத் தின்றுவிடும். மிச்சம் 8 பிட்டில் மணி, நிமிடம், நொடி எல்லாம் அடங்க வேண்டும். ஆக ஒரு நாளை 256 துண்டாக்கலாம், அதற்கு மேல் முடியாது. டபுளில் 53 பிட் இருப்பதால் இதே தேதியில் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான இடைவெளிகூடத் தெரியும்.

டூல்டிப் உங்கள் மூல டபுளைப் படிக்கிறது, அதனால் பொய் சொல்லவில்லை. பழைய பதிப்பு முதலில் பிக்சலாக்கிவிட்டுப் பிறகு ஃபுளோட்டுக்குப் போயிருக்கும். ஆயிரத்துச் சொச்சம் பிக்சலுக்கு ஃபுளோட் தாராளம். புதியதில் மூல மதிப்பையே ஃபுளோட்டாக்கிக் கார்டுக்கு அனுப்பி, ஜூம் கணக்கை அங்கே போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சோதிப்பது சுலபம்: அதே டேட்டாவை 1900 ஜனவரிக்கு நகர்த்துங்கள். நாள் எண் சின்னதானால் படி மறைய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மறைந்தே போயிற்று சார்! 1900 ஜனவரி 10 அன்று சூளை எரிந்ததாக வைத்தேன், கோடு அவ்வளவு அழகு. தேதியைப் பழையபடி வைத்து, கார்டு வசதியை மட்டும் அணைத்தாலும் சரியாகிறது. ஆனால் பழைய திணறல் திரும்பிவிடுகிறது. வேகமும் வேண்டும், கோடும் வேண்டும். வழி உண்டா?

பதில் 3

எக்ஸ் அச்சுக்குத் தேதியே கொடுக்காதீர்கள். தொடக்க நேரத்தைக் கழித்து, கடந்த நொடிகளைக் கொடுங்கள். வாரக் கடைசியில், ஆறு லட்சத்தில்கூட, ஃபுளோட்டின் இடைவெளி நொடியில் 16இல் ஒரு பங்குதான். உங்களுக்கு அது போதும். கழித்தலை டேட்டைமிலோ டபுளிலோ செய்யுங்கள். ஃபுளோட்டாக்கிவிட்டுக் கழித்தால் போன பிட் திரும்பி வராது. அச்சின் எழுத்துகளை, லேபிள் வரையும் நிகழ்வில் நேரமாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

படி போய்விட்டது, வேகமும் அப்படியே. ஆனால் இரண்டு இடத்தில் இடறினேன், பின்னால் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு சென்சார். அடியில் ஒன்று, மூடியில் ஒன்று. ஒவ்வொரு சீரிஸிலும் (ஒரு கோட்டுக்கான புள்ளி வரிசை) அதனதன் முதல் புள்ளியின் நேரத்தைக் கழித்துத் தொலைத்தேன். மூடி சென்சார் 4 நொடி தாமதமாகத்தான் பேச ஆரம்பிக்கும். அதனால் மூடியின் கோடு மொத்தமும் 4 நொடி இடப்பக்கம் நகர்ந்து, மூடி முந்திக்கொண்டு சூடாவதுபோல் காட்டியது. கொஞ்ச நேரம் சூளையைத்தான் சந்தேகப்பட்டேன்.

இரண்டாவது, அச்சின் குறிகள். காம்பொனென்ட் தன் வசதிக்கு 1,000 நொடிக்கு ஒரு குறி போட்டது. அதாவது 16 நிமிடம் 40 நொடி. நேரமாக மாற்றினால் 10:16:40, 10:33:20 என்று விநோதமான லேபிள்கள்.

இரண்டுக்கும் சேர்த்து, முதல் நாளின் நள்ளிரவை எல்லா சீரிஸுக்கும் பொதுத் தொடக்கமாக வைத்தேன். குறி இடைவெளியை ஜூமுக்கு ஏற்ப 60, 900, 3,600 என்று நானே கொடுத்துவிட்டேன். இப்போது 10:15, 10:30 என்று விழுகிறது. பிழையைக் காட்டும் இருபது வரி மாதிரி நிரலைத் தயாரிப்பாளருக்கு அனுப்பியாயிற்று. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.