வலையோடு வந்த சல்பீனியா

கனகராயன் ஆறு கோடையில் ஓட்டம் நின்று மடு மடுவாகத் தேங்கிவிடும். இரணைமடுக் குளத்துக்கு மேலே உள்ள அப்படியொரு மடுவில்தான் பதினைந்து வருடமாக வலை போடுகிறேன். விரால், கெளிறு, திலாப்பியா என்று வீட்டுக் கறிக்குப் போக மிச்சம் சந்தைக்கு. (திலாப்பியாவும் 1952இல் கடல் தாண்டி வந்ததுதான். கறிக்கு ஆவதால் யாரும் திட்டுவதில்லை.)

இரண்டு வருடத்துக்கு முன் கரையோரம் சல்பீனியா என்ற மிதக்கும் நீர்க்களை கையளவு கிடந்தது. பார்க்க வடிவாக இருந்ததால் விட்டுவிட்டேன். அடுத்த மாரிக்குள் மடு முழுவதும் பாய் விரித்தாற்போல மூடிவிட்டது. வலை தாழாமல் அதன்மேலேயே கிடந்தது. இழுத்தால் மீனுக்குப் பதில் இலைதான் கனத்தது. ஒரு விடியற்காலை போனால், திலாப்பியாக்கள் செத்து மிதக்கின்றன. பாய்க்கு அடியில் வெளிச்சம் இறங்காது. அழுகும் இலைகள் இருக்கிற ஒட்சிசனையும் உறிஞ்சிவிடும். விரால் மட்டும் மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பியது.

மேட்டு வயல்களின் உரம்தான் காரணம் என்று எல்லோரிடமும் ஏசித் திரிந்தேன். மருமகன்தான் கேட்டான்: “மாமா, இந்த வலையை வேறு எங்கே போட்டீர்கள்?” வவுனியாப் பக்கக் குளமொன்றில் மைத்துனரோடு போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சல்பீனியாவுக்கு முளைக்கும் விதை கிடையாது. ஒடிந்த துண்டு ஒன்று ஈர வலையில் ஒட்டினால் போதும். உரம் அதைக் கொழுக்க வைத்திருக்கலாம், கொண்டுவந்தவன் நான். இப்போது வலையை நல்ல வெயிலில் சருகாகும்வரை காயவிடாமல் வேறு நீரில் இறக்குவதில்லை.

—

உங்கள் கதையை வாசித்துவிட்டு முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தொல்லை சல்பீனியா அல்ல, ஆகாயத்தாமரை; மட்டக்களப்பார் இதை ஆற்றுவாழை என்பார்கள். சிரமதானம் செய்து இரண்டு நாள் இழுத்து, கரையிலேயே குவித்துவிட்டு வந்தோம். முதல் மழை பாதியைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளியது. இதற்கு விதையும் உண்டு, சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். 1909இலேயே இதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டு நூறு வருடம் தாண்டிவிட்டது. பூ இன்னும் பூக்கிறது.

—

சல்பீனியாவைத் தின்னும் கூன்வண்டு ஒன்றை 1986இல் இலங்கையில் விட்டார்கள். அது இருக்கும் இடத்தில் குருத்து கபில நிறமாகிக் கருகும். உங்கள் மடுவில் அப்படி ஏதும் தெரிகிறதா?

—

என் மடுவைப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சையாகத்தான் இருக்கிறது.