ஈடிபஸ் நாடகத்துல கேள்வியும் பதிலும் ஏன் ஒத்த வரியாவே ஓடுது?

கெடிலக்கரை:
கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) ஒரு மாடில ஒத்திகை பாக்குற சின்ன குரூப் நாங்க, சோபோக்ளிஸோட பழைய கிரேக்க நாடகம் ஈடிபஸ் எடுத்திருக்கோம், பின்பாதில ராஜா தான் யாரு பெத்த புள்ளன்னு தெரிஞ்சுக்க அந்த கெழட்டு இடையன மடக்கி மடக்கி கேப்பாரே அந்த சீன்தான் நாடகத்துக்கே உயிரு, ஆனா என் தமிழ்ல பேசிப்பாத்தா ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் எழுதுற மாதிரி இருக்கு. "குழந்தையை உன்னிடம் கொடுத்தது அவள்தானா?" "ஆமாம் மன்னா, அவள்தான் கொடுத்தாள்." (அவள்னா ராணி, குழந்தைன்னா ராஜாவேதான்.) பசங்க சிரிக்கிறானுங்க. மூலத்துலயும் இப்டித்தானா?

முத்தியால்பேட்டை:
இல்ல தலைவா. ஆளுக்கு ஒரு வரின்னு மாத்தி மாத்தி பேசறதுக்கு ஸ்டிக்கோமிதியான்னு பேரு. நீங்க சொல்ற எடத்துல (1173லேந்து 1176 வரி) அதுவும் போயி ஒரே வரிய ரெண்டு பேரும் பாதி பாதியா பங்கு போட்டுக்குறாங்க, அதனால கேள்வில வந்தத பதில்ல திரும்ப சொல்ல எடமே கெடையாது. நம்ம வாய்ல சொன்னா,
"அவளா குடுத்தா?" "ஆமா ராசா."
"எதுக்கு?" "கொன்னு போட."
"பெத்தவளா!" "கெட்ட வாக்குக்குப் பயந்துதான்."
"என்ன வாக்கு?" "பெத்தவங்கள கொல்லுவான்னு."
மூணாவத பாருங்க. ஆமாங்கற வார்த்தையே இல்ல, நேரா காரணத்துக்குத் தாவிடுறான். அங்க 'கெ'ன்னு ஒரு குட்டி இடைச்சொல் நிக்குது, நம்ம 'தான்' அந்த வேலைய அப்டியே செய்யும்.

தமிழ்வாத்தியார்:
நன்னூல்ல விடை எட்டு வகைன்னு ஸ்கூல்ல உருப்போட்டோமே தம்பி, அதையும் எடுத்துப் பாருங்க. கொரிந்துங்கற ஊர்லேந்து வந்த ஆளு "எங்கிட்ட ஒரு புள்ளய குடுத்தியே ஞாபகம் இருக்கா"ன்னா, இடையன் "என்ன விஷயம், எதுக்கு கேக்குற?"ங்கறான். கேள்விக்கு கேள்வியே பதிலு, அசல் வினா எதிர் வினாதல்.

தேவனாம்பட்டினம்:
எல்லாம் நம்ம கூத்துல கட்டியங்காரன் கேக்குற கேள்விதானேப்பா, யாரு எந்த ஊருன்னு?

முத்தியால்பேட்டை:
அண்ணே, இந்த சீனுக்கு அது ஒத்து வராது. அதுக்கு இன்னொரு கிரேக்க நாடகக்காரர் யூரிபிடிஸோட இயோன் நாடகம் சரி, கோயில் வேலைக்கார பையன் ஒரு ராணிய யாரு, எந்த ஊரு, அப்பன் யாருன்னு ஆரம்பிச்சு, அப்புறம் ரெண்டு பேரும் நூறு வரிக்கு மேல ஒத்த ஒத்த வரியா பேசுவாங்க. அவ அவனோட அம்மான்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. இங்க ராஜாவுக்கு தன் பொறப்பு ரகசியம் பாதி புரிஞ்சிடுச்சு. இடையன் "ஐயோ, சொல்லக்கூடாதத சொல்ற எடத்துக்கு வந்துட்டேன்"ங்கறான், இவரு "நானும் கேக்கக்கூடாதத கேக்குற எடத்துக்குதான், ஆனாலும் கேட்டே ஆவணும்"ங்கறாரு.

கெடிலக்கரை:
நேத்து ராத்திரி 'ஆமாம் மன்னா' எல்லாத்தையும் அடிச்சிட்டு ஓட்டிப் பாத்தோம். "பெத்தவளா!"ல ஒருத்தனும் சிரிக்கல.