அப்பா அட்டையில் வரைந்த படங்கள்: ஓரத்தை வெட்டலாமா?

கேள்வி:
அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. இரவுக் காவலாளியாக இருந்தவர். யாரிடமும் ஓவியம் கற்றதில்லை. பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தால் 140 படங்கள்! மருந்துப் பெட்டி அட்டை, காலண்டர் தாளின் பின்பக்கம், கிடைத்ததில் எல்லாம் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்திருக்கிறார். பெரும்பாலும் பறவைகள், கால்கள் மட்டும் மனிதக் கால்கள். எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி லேமினேட் செய்து மாட்டலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கறையும் கிழிசலுமாக இருக்கின்றன. என்ன செய்யட்டும்? இதை நாட்டுப்புறக் கலை என்று சொல்லலாமா?

பதில் 1:
வெட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அப்புறம் பிரிக்க முடியாது. பில் ட்ரெய்லர் என்று ஒருவர், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். எண்பது வயதைத் தாண்டி, 1939 வாக்கில் மாண்ட்கோமரி நகரத் தெருவோரம் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். எல்லாம் தூக்கிப்போட்ட அட்டைகள்தான். அட்டையின் கறையையும் கோணலான ஓரத்தையும் படத்துக்குள் சேர்த்துக்கொண்டார். அதைச் சதுரமாக வெட்டியிருந்தால் படத்தில் பாதி போயிருக்கும். உங்கள் அப்பாவின் பறவைகள் எதன்மேல் நிற்கின்றன என்று பாருங்கள். அட்டையின் மடிப்புக்கோடாகவும் இருக்கலாம்.

பதில் 2:
நாட்டுப்புறக் கலை ஒரு சமூகத்துக்குள் கைமாறி வருவது. உங்கள் அப்பாவுடையது தனியாளின் கலை. இப்படிப்பட்டவற்றைத் தேடிச் சேர்த்த பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945இல் 'ஆர் ப்ரூ' (பட்டை தீட்டாத கலை) என்று பெயர் வைத்தார். அந்தச் சேகரிப்புக்காக சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1976இல் அருங்காட்சியகமே திறந்தார்கள். ஜேம்ஸ் காசில் என்ற காது கேளாத ஓவியர் புகைக்கரியை எச்சிலில் குழைத்து, கூராக்கிய குச்சியால் வரைந்தவர். பெயர் எதுவானால் என்ன, அப்பா எதால், எதன்மேல் வரைந்தார் என்பதை எழுதி வையுங்கள்.

பதில் 3:
பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அசலைச் சுவரில் மாட்டாமல் நகலை மாட்டுங்கள். அசல்களுக்கு நடுவே அமிலமில்லாத தாள் வைத்து அடுக்குங்கள். பெட்டியில் இருந்த வரிசை கலையாமல் ஒவ்வொன்றையும் முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுங்கள். மருந்துப் பெட்டியில் தயாரிப்புத் தேதி இருக்கும், காலண்டரில் வருடம் இருக்கும். எப்போது வரைந்தார் என்பதற்குத் துப்பு அதுதான். ஓரத்தை வெட்டினால் அதுவும் போச்சு. அம்மாவிடம் கேட்டீர்களா?

கேட்டவர்:
கேட்டேன். ராத்திரி முழுக்க நின்று கால் கடுக்கும்போது தன் காலையே பார்த்து வரைவாராம். அந்தப் பறவைகள் மடிப்புக்கோட்டில்தான் நிற்கின்றன. இருப்பதில் பழையது 1991 காலண்டர் தாள். தம்பி பிறந்த வருடம். இப்போது அவன்தான் ஒவ்வொன்றாகப் படம் எடுக்கிறான். 37 முடிந்தது.